சந்தேகம் கேளுங்கள்: கறவை மெஷின் பம்பை வைத்து ஹெக்சேனை வடிகட்டலாமா?

''நாங்கள் எட்டுப் பேர் குழுவாகச் சேர்ந்து குண்டுமல்லி சாகுபடி செய்கிறோம். முகூர்த்தம் இல்லாத நாட்களில் பறிகூலிக்குக்கூட விலை கட்டுவதில்லை. அந்தப் பூவை ஹெக்சேனில் ஊற வைத்து, சென்ட் தயாரிக்கப் பயன்படும் கான்கிரீட் எடுக்கலாம் என்று நினைக்கிறோம். சோதனையாக 5 கிலோ பூவை ஊற வைத்துப் பார்த்தோம். துணியில் வடிகட்டினால் வெகு நேரம் ஆகிறது. பூவிலேயே நிறைய சால்வென்ட் தங்கிவிடுகிறது. கறவை மெஷினின் வேக்குவம் பம்பு சும்மா கிடக்கிறது. மாட்டுக்கொட்டகையை ஒட்டிய அறையில் அதை வைத்து, உறிஞ்சி வடிகட்டலாமா? ஏ.சி மெக்கானிக் பயன்படுத்தும் பம்பு இன்னும் நல்லது என்கிறார்களே, அது சரியா?''

- சத்தியமங்கலம் அருகில் இருந்து ஒரு வாசகர்.

இரண்டு பம்பும் கூடாது. அடுத்த சோதனையைத் தொடங்கும் முன்பு, குழுவில் உள்ள எட்டுப் பேரும் இதற்கான காரணத்தைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஹெக்சேன், பெட்ரோல் குடும்பத்தைச் சேர்ந்தது. மைனஸ் 22 டிகிரி குளிரிலேயே தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி விடும். சத்தியமங்கலம் வெயிலில் அது எவ்வளவு ஆவியாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இந்த ஆவி, காற்றைவிட மூன்று மடங்கு கனமானது. எனவே மேலே போகாது. தண்ணீர் போலத் தரையோடு தவழ்ந்து, கதவிடுக்கு வழியாக அடுத்த அறைக்கும் போகும். அங்கே அடுப்பு எரிந்தால், தீ ஆவியின் வழியாகவே திரும்பி வந்து பாத்திரத்தைப் பிடிக்கும்.

வேக்குவம் பம்பு திரவத்தை உறிஞ்சுவது போலத் தெரிந்தாலும், அது இழுப்பது காற்றைத்தான். அந்தக் காற்றோடு ஹெக்சேன் ஆவியும் பம்புக்குள் வரும். பம்பு அதை அழித்துவிடாது. எக்ஸாஸ்ட் குழாய் வழியாக அப்படியே அறைக்குள் தள்ளிவிடும். பாத்திரத்தை என்னதான் இறுக்கி மூடியிருந்தாலும், ஆவி பம்பின் பின்பக்கமாக வெளியே வந்துகொண்டே இருக்கும்.

அறையில் உள்ள காற்றில் 100 பங்குக்கு ஒரு பங்குக்குச் சற்று மேல் ஹெக்சேன் ஆவி கலந்தாலே தீப்பிடிக்கும். இரண்டு லிட்டர் ஹெக்சேன் ஆவியானால், பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரம் உள்ள அறை முழுவதையும் அந்த நிலைக்குக் கொண்டுவந்துவிடும். ஆவி தரையில் தேங்குவதால், அதைவிடக் குறைந்த அளவே ஆபத்துக்குப் போதும்.

பிறகு ஒரு பொறி மட்டுமே பாக்கி. அதைக் கொடுக்க பம்பின் மோட்டாரே போதும். சிங்கிள் பேஸ் மோட்டார்கள் பலவற்றில், ஸ்டார்ட் ஆனதும் பிரிந்துகொள்ளும் சுவிட்ச் ஒன்று உள்ளே இருக்கும். அது ஒவ்வொரு முறை பிரியும்போதும், சேரும்போதும் பொறி தட்டும். சுவரில் இருக்கும் சாதாரண சுவிட்சும் அப்படித்தான். இதுதவிர, ஹெக்சேன் பம்பு ஆயிலில் கரைந்து அதை நீர்த்துப்போகச் செய்யும். அதனால் பம்பு தேய்ந்து சூடாகும்.

ஏ.சி மெக்கானிக்கின் பம்பு இன்னும் மோசம். கறவை மெஷின், பாதி அளவு வேக்குவத்தில் வேலை செய்வது. ஏ.சி பம்போ காற்றை ஏறக்குறைய முழுவதுமாக உறிஞ்சிவிடும். வழக்கமாக 69 டிகிரியில் கொதிக்கும் ஹெக்சேன், காற்றழுத்தம் நாலில் ஒரு பங்காகக் குறைந்தால் 30 டிகிரியிலேயே கொதிக்கும். அப்போது அடியில் உள்ள பாத்திரத்தில் வடிந்ததில் பெரும்பகுதி ஆவியாகி பம்புக்குள் போய்விடும்.

பிளாஸ்டிக் பக்கெட், பிளாஸ்டிக் புனல், நைலான் துணி ஆகியவற்றையும் தவிர்க்க வேண்டும். ஹெக்சேன் மின்சாரத்தைக் கடத்தாது. துணி வழியாக வேகமாக இறங்கும்போது, உரசலில் நிலைமின்சாரம் சேரும். வறண்ட நாளில் பாலியஸ்டர் சட்டையைக் கழற்றும்போது படபடவென்று பொறி தட்டுமே, அதே மின்சாரம்தான். இந்த ஆவிக்கு அந்தப் பொறியே போதும். ஆலைகளில் எவர்சில்வர் பாத்திரங்களைச் செம்புக் கம்பியால் ஒன்றோடொன்று இணைத்து, எர்த் கொடுத்து வைப்பது இதற்காகத்தான்.

இன்னொரு விஷயம், மல்லிகைப் பூவில் இருந்து ஹெக்சேனைப் பிரிக்க வேக்குவம் வடிகட்டி தேவையே இல்லை. கான்கிரீட் ஆலைகளில் மூடிய கலத்துக்குள், துளையிட்ட தட்டுகளில் பூவைப் பரப்பி ஊற வைப்பார்கள். சால்வென்ட் அடிவழியாகத் தானே இறங்கிவிடும். பூவில் தங்கியதை நீராவி விட்டு ஆவியாக்கி, குளிர வைத்து மீட்பார்கள். எல்லாமே மூடிய குழாய்களுக்குள் நடக்கும். துணியில் வடிகட்டும் இடத்தில் அந்த மிச்சம் முழுவதும் காற்றில்தான் கலக்கும். அதைத் தொடர்ந்து சுவாசித்தால் கை, கால் நரம்புகள் பாதிக்கப்பட்டு மரத்துப்போகும்.

சட்டத்தையும் பார்க்க வேண்டும். 1934-ம் ஆண்டு பெட்ரோலியம் சட்டப்படி ஹெக்சேன் 'ஏ' பிரிவில் வருகிறது. விற்பனைக்கு இல்லாமல் சொந்த உபயோகத்துக்கு என்றால், 30 லிட்டர் வரை லைசென்ஸ் இல்லாமல் வைத்திருக்கலாம். அதையும் இறுக மூடிய பாத்திரத்தில்தான் வைக்க வேண்டும். கண்ணாடி என்றால் ஒரு லிட்டருக்கு மேலும், உலோகம் என்றால் 25 லிட்டருக்கு மேலும் கொள்ளளவு இருக்கக் கூடாது. ஒரு நாளைக்கு 50 கிலோ பூ என்றாலே, அது மூழ்குவதற்கு நூறு லிட்டருக்கு மேல் வேண்டியிருக்கும். குண்டுமல்லியில் 1,000 கிலோ பூவுக்குக் கிடைக்கும் கான்கிரீட் சுமார் ஒன்றரை முதல் இரண்டு கிலோதான். அப்படியானால் 50 கிலோவில் 100 கிராம்கூடத் தேறுவது கடினம். 100 கிராமுக்காக நூறு லிட்டர் ஹெக்சேனை மாட்டுக்கொட்டகையை ஒட்டி வைக்கலாமா என்று குழுவில் பேசி முடிவெடுங்கள்.

சத்தியமங்கலம், நிலக்கோட்டை வட்டாரங்களில் கான்கிரீட் ஆலைகள் இயங்குகின்றன. எட்டுப் பேரின் பூவையும் ஒன்றாகச் சேர்த்து, விலை இறங்கும் மாதங்களுக்கு மட்டும் ஆலையோடு எழுத்து மூலம் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம். சொந்தமாகத் தைலம் எடுத்தே தீர வேண்டும் என்றால் எலுமிச்சைப் புல், வெட்டிவேர் போன்றவை ஏற்றவை. அவற்றில் நீராவியிலேயே எண்ணெய் எடுக்கலாம், சால்வென்ட் தேவையில்லை. மல்லிகையின் வாசம் நீராவிச் சூட்டைத் தாங்காது.

கையில் மிச்சம் இருக்கும் ஹெக்சேனை உலோக கேனில் இறுக மூடி, வீட்டை விட்டுத் தள்ளி நிழலில் வைத்து, வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சாக்கடையில் ஊற்றக் கூடாது, கொளுத்தவும் கூடாது. ஊறிய பூவைக் குவித்து வைக்காமல், வீடும் அடுப்பும் இல்லாத திறந்தவெளியில் மெல்லியதாகப் பரப்பி உலர விடுங்கள். பீடி, சிகரெட் பிடிப்பவர்களை அந்தப் பக்கம் விட வேண்டாம். அந்தப் பூவை மாட்டுக்குப் போடவே கூடாது.

''என் மகள் கல்லூரி ஆய்வகத்தில் மஞ்சள் தூளை அசிட்டோனில் ஊற வைத்து, வேக்குவம் மூலம் வடிகட்டிச் சாறு எடுக்கிறாள். அதுவும் தீப்பிடிக்கும் பொருள்தானே? அங்கே மட்டும் எப்படிப் பயமில்லாமல் செய்கிறார்கள்?''

- ஈரோட்டில் இருந்து ஒரு வாசகி.

அசிட்டோனும் ஹெக்சேனைப் போலவே சட்டென்று தீப்பிடிக்கும் பொருள்தான். மஞ்சள் தூள் நைசாக இருப்பதால் தானாக வடியத் தாமதமாகும். அதனால் ஆய்வகத்தில் வேக்குவம் பயன்படுகிறது. ஆனால், அங்கே வேலை நடக்க வேண்டிய முறை வேறு.

முதலில் அளவு. பெரும்பாலும் ஒரு லிட்டருக்குள்தான் எடுப்பார்கள். சூடாக வடிகட்டாமல், நன்றாக ஆற வைத்த பிறகே வடிகட்ட வேண்டும். வேக்குவத்தைத் தாங்கும் கனமான கண்ணாடிக் குடுவைதான் பயன்படுத்த வேண்டும். மெல்லிய ஜாடியோ, கீறல் விழுந்த குடுவையோ காற்றழுத்தத்தில் உள்நோக்கி நொறுங்கிவிடும். அதனால் கண்ணாடி அணிவது கட்டாயம். குடுவையை ஸ்டாண்டில் பிடித்து நிறுத்துவதும் அவசியம்.

அடுத்து, குடுவைக்கும் பம்புக்கும் நடுவில் ஆழ்ந்த குளிரில் வைத்த ஒரு பாத்திரம் இருக்க வேண்டும். ஆவி பம்புக்குப் போவதற்கு முன்பே அங்கே திரவமாகித் தங்கிவிடும். பம்பும் தீப்பிடிக்கும் ஆவிக்கென்றே செய்த, பொறி வராத வகையாக இருக்க வேண்டும். அதன் எக்ஸாஸ்ட், ஆவியை உறிஞ்சிக் கட்டடத்துக்கு வெளியே விடும் கூண்டுக்குள் போக வேண்டும். மோட்டாரே இல்லாமல், குழாய்த் தண்ணீரின் வேகத்தில் உறிஞ்சும் கருவியும் உண்டு. அதில் மின்பொறி பயம் இல்லை. ஆனால், சால்வென்ட் தண்ணீரோடு சாக்கடைக்குப் போகும் என்பதால், அதற்கும் குளிர்ப் பாத்திரம் வேண்டும்.

வேக்குவம் லேசாக இருந்தாலே போதும். திரவம் இறங்கி முடிந்ததும் நிறுத்திவிட வேண்டும். மஞ்சள் வண்டல் காயட்டும் என்று ஓடவிட்டால், காற்றோடு ஆவிதான் பம்புக்குள் போகும். நிறுத்தும்போது, முதலில் காற்றைத் திறந்துவிட்டு வேக்குவத்தை இறக்க வேண்டும். அதன் பிறகே பம்பை அணைக்க வேண்டும். வரிசை மாறினால் பம்பு ஆயிலோ, குழாய்த் தண்ணீரோ குடுவைக்குள் ஏறிவிடும். வடிகட்டிய வண்டலில் அசிட்டோன் இருக்கும். அதை அடுப்பிலோ, ஓவனிலோ வைத்து உலர்த்தக் கூடாது. அதே கூண்டுக்குள்தான் உலரவிட வேண்டும்.

மகள் வீட்டுக்கு வரும்போது, குளிர்ப் பாத்திரம் இருக்கிறதா, எக்ஸாஸ்ட் எங்கே போகிறது, தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். மூன்றில் ஒன்று இல்லை என்றாலும், அதைப் பேராசிரியரிடம் சொல்லச் சொல்லுங்கள். அந்த ஏற்பாடுகளை எல்லாம் விட்டுவிட்டு பம்பை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்து செய்து பார்க்கலாம் என்றால், அதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள்.