வெளிச்சப் பித்து

எங்கள் பொட்டிபுரத்துக்குப் பத்திரிகைகளில் இடம் கிடைத்தது நியூட்ரினோவால். மலையைக் குடைந்து, தலைக்கு மேல் ஒரு கிலோமீட்டருக்குக் குறையாத பாறை இருக்கும்படியான இருட்டில் ஆய்வுக்கூடம் அமைக்க இந்த ஊரைத் தேர்ந்தெடுத்தார்கள், எதிர்ப்பும் எழுந்தது. அந்தப் பெரிய இருட்டைப் பற்றி நான் பேசப் போவதில்லை. என் வீட்டு முன்னறையின் சின்ன இருட்டுக்காக வாதாடத்தான் இன்று பேனாவை எடுத்திருக்கிறேன்.

முன்னறைக்கு ஒரே ஜன்னல். அதற்கு வெளியே வேப்பமரம். மேற்கே மலை இருப்பதால் மாலை வெயிலும் சீக்கிரமே விடைபெற்றுக்கொள்ளும். அந்த அறையில் ஒரு மீன் தொட்டி வேண்டும் என்றாள் என் மகள். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம். விளிம்பு வரை நிரப்பினால் சுமார் 56 லிட்டர். தொட்டி விற்றவரிடம் எங்கள் அறையின் லட்சணத்தைச் சொன்னேன்.

"செடி வேணும்னா நல்ல வெளிச்சம் வேணும் சார். இல்லையா, பிளாஸ்டிக் செடி இருக்கு" என்றார்.

நான் வெளிச்சத்தை வாங்கினேன். ஒன்றல்ல, இரண்டு விளக்குகள். சிவப்பு இலைச் செடிகளையும் அவரே தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். விடிந்ததிலிருந்து இரவுச் சாப்பாடு வரை தொட்டி கல்யாண வீடுபோல் ஜொலித்தது. மூன்றாம் வாரம் தண்ணீர் முருங்கைக் கீரையை அரைத்து ஊற்றியதுபோல் ஆயிற்று. இலைகளின்மேல் பாசி படிந்தது. தண்டுகள் அடியிலிருந்து அழுகின. ஒரு காலையில் இரண்டு மீன்கள் மல்லாந்து கிடந்தன.

"அப்பா, நம்ம வீட்ல செடி வளராதா?" என்று கேட்டாள் குழந்தை.

அந்தக் கேள்விதான் என்னை எழுத வைத்தது. பத்து வயதுப் பெண் தான் பிறந்த வீட்டையே குற்றவாளியாக்கிவிட்டாள். குற்றம் வீட்டினுடையதா? இல்லை. நிழலான அறை என்றால் அது குறைபாடு, அந்தக் குறையைக் காசு கொடுத்துத் தீர்க்க வேண்டும் என்ற நினைப்பினுடையது. அந்த நினைப்பை விற்றவரைவிட வாங்கிய எனக்கே அதில் பெரிய பங்கு.

விஷயம் எளிது. வெளிச்சம் கூடக் கூடச் செடியின் பசியும் கூடும். அதே அளவுக்குக் கரியமில வாயுவும் மற்றச் சத்துகளும் கிடைக்காவிட்டால் செடி திகைத்து நின்றுவிடும். மிஞ்சிய வெளிச்சத்தைப் பாசி அனுபவிக்கும். ஆகவே விளக்கை வாங்கியவன் வாயுச் சிலிண்டரை வாங்க வேண்டும், பிறகு உரம், பிறகு பாசியைக் கொல்ல மருந்து. மீன் வளர்க்க ஆசைப்பட்டவன் கடைசியில் கடன் வளர்க்கிறான்.

இதை உலகத்தில் வேறு யார் நம்பினாலும் போடிப் பக்கத்துக்காரன் நம்பியிருக்கக் கூடாது. விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, போடிமெட்டைத் தாண்டி ஏலத் தோட்டங்களுக்குப் போகும் பெண்களில் யாரையாவது கேளுங்கள். ஏலச்செடிக்கு நேர் வெயில் ஆகாது, மர நிழல் வேண்டும் என்பார்கள். நிழல் அடர்ந்துபோனாலும் காய்ப்புக் குறையும் என்பதால், மழைக்கு முன்பு கிளைகளைக் கழித்து அளவாக வெளிச்சம் விடுவார்கள். 2024 கோடையில் இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்கள் வறட்சியிலும் வெயிலிலும் கருகியதை இந்தப் பக்கம் மறந்துவிடவில்லை. என் தாயார் இருபது வருஷம் அப்படி ஜீப்பில் போய் வந்தவள். என் தொட்டியைப் பார்த்ததும் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "ஏன்டா, அதுகள வெயில்ல போட்டு வதக்குற?"

அன்றே ஒரு விளக்கைக் கழற்றினேன். நிழலுக்கென்றே பிறந்த நீர்ச் செடிகள் உண்டா என்று அதன் பிறகுதான் தேடினேன். தாராளமாக உண்டு.

ஜாவா பெரணி ஒன்று. தென்கிழக்கு ஆசியாவின் ஓடைப் பாறைகளில் ஒட்டி வளர்வது. அதன் கிடைத்தண்டை மணலில் புதைத்தால் அழுகிவிடும். ஒரு கல்லோடு நூலால் கட்டிப் போட்டால் போதும். முதிர்ந்த இலையிலேயே குட்டிச் செடி முளைக்கும். மேற்கு ஆப்பிரிக்காவின் அனுபியாஸ் இன்னொன்று. சேம்பின் குடும்பம், அதையும் கல்லில்தான் கட்ட வேண்டும். மூன்றாவது கிரிப்டோகொரைன். இதுவும் சேம்பின் உறவுதான். கடைகளில் அதிகம் கிடைக்கும் வெண்டிடி என்ற வகையின் தாயகம் இலங்கை. சித்த மருத்துவத்தில் நாட்டு அதிவிடயம் என்பதும் இந்த இனத்துச் செடியே. இதை மட்டும் மணலில் ஊன்ற வேண்டும். முழு இருட்டில் எதுவும் வாழாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த மூன்றுக்கும் ஒரு சிறிய விளக்கு, நாளுக்கு ஆறேழு மணி நேரம் எரிந்தால் போதும்.

"இவை ஆமைபோல் வளருமே, சிவப்பு நிறமும் இல்லையே?" என்பார்கள். உண்மை. பணமும் பொழுதும் உள்ளவர்கள் பிரகாசமான நீர்த் தோட்டம் போடட்டும். அதுவும் ஒரு கலை. அவர்களோடு எனக்கு வழக்கில்லை. அதுவே எல்லா வீட்டுக்கும் விதி என்று சொல்கிறவர்களோடுதான் வழக்கு. பிளாஸ்டிக் செடி எதற்கு ஆகாது என்றால், மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை அது துளியும் உறிஞ்சாது.

"கண்மாயில் சும்மா கிடக்கும் வேலம்பாசி போதாதா?" என்றார் நண்பர் ஒருவர். அதுவும் மங்கிய வெளிச்சத்தில் பிழைக்கும், மறுக்கவில்லை. ஆனால் விடாமல் வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அதே பாசியை 1950களில் இலங்கையிலிருந்து அமெரிக்காவின் புளோரிடாவுக்கு மீன் தொட்டிக்காகத்தான் கொண்டுபோனார்கள். டாம்பா நகரப் பக்கம் ஒரு கால்வாயில் எறியப்பட்டது, மாநிலத்தின் ஏரிகளையும் ஆறுகளையும் அடைத்துக்கொண்டது. அயல்நாட்டுச் செடியைக் கழித்து ஓடையில் வீச நினைக்கும் நாமும் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. கிரிப்டோகொரைன் இடம் மாறினால் இலைகளையெல்லாம் கரையவிட்டுவிடும். செத்துவிட்டதென்று அவசரக்காரர்கள் பிடுங்கி எறிவார்கள். வேர் உயிரோடுதான் இருக்கும். எங்கள் வீட்டிலும் கரைந்தது. பிடுங்கப் போன என் கையை மகள் தடுத்தாள். ஐந்தாம் வாரம் மணலுக்கு மேல் அரிசி மணி அளவு ஒரு புது இலை தெரிந்தது. அவள் என்னிடம் சொல்லவில்லை. பாட்டியைத்தான் கூப்பிட்டுக் காட்டினாள்.

நீங்களும் கடைக்குப் போகுமுன் ஒரு பிற்பகல் மூன்று மணிக்கு உங்கள் முன்னறையில் சும்மா உட்கார்ந்து பாருங்கள். அங்கே இருக்கும் வெளிச்சத்துக்கு ஏற்ற செடியைக் கேளுங்கள். அப்படி ஒன்று கிடையாது என்று கடைக்காரர் சொன்னால், தயவு செய்து அடுத்த கடைக்குப் போங்கள்.