செல்லு கேட்கும் பிள்ளைகள்

ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் எவ்வளவு நேரம் திரை பார்க்கலாம் என்பதற்கு உலக சுகாதார நிறுவனம் 2019 ஏப்ரலில் ஒரு வரம்பு வகுத்தது. இரண்டு வயது முடியும்வரை திரையே வேண்டாம். அதற்குப் பிறகு நான்கு வயதுவரை நாளுக்கு 1 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது. இந்தியக் குழந்தை மருத்துவ அகாடமி சொல்வதும் ஏறக்குறைய இதுதான். உறவினரோடு பேசும் வீடியோ அழைப்புக்கு மட்டும் அது விலக்குக் கொடுக்கிறது. அப்பா வளைகுடாவில் இருக்கும் வீடுகள் மேலப்பாளையத்திலும் கடையநல்லூரிலும் தெருவுக்குப் பல உண்டு என்பதால், நெல்லைப் பக்கத்தில் இந்த விலக்கு சின்ன விஷயம் அல்ல. திரைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார், அது சிரித்தால் சிரிக்கிறார், கேட்டதற்குப் பதில் சொல்கிறார். பாட்டு வீடியோ இதில் எதையும் செய்வதில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் அதே ஆவணத்தில் இன்னும் இரண்டு கணக்குகள் உண்டு. அவற்றை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. மூன்று, நான்கு வயதுப் பிள்ளை நாளுக்கு 180 நிமிடமாவது ஓடியாடி இருக்க வேண்டும், அதில் 60 நிமிடம் மூச்சு வாங்க ஓட வேண்டும். பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் தூங்க வேண்டும். மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் திரைக்கு ஏன் வரம்பு என்பது புரியும். பிள்ளையின் ஒரு நாளில் விழித்திருக்கும் நேரம் கொஞ்சம்தான். அதில் செல் எந்த நேரத்தைப் பிடுங்கிக்கொள்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். எத்தனை நிமிடம் என்பது அதற்கடுத்த கேள்வி.

நிமிடக் கணக்கிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. "எங்க பிள்ள அரை மணி நேரந்தான் செல்லு பாப்பா" என்று சொல்லும் வீட்டில், சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு தொடங்கும் சீரியல் இரவுச் சாப்பாடு முடியும்வரை ஓடிக்கொண்டிருக்கும். பார்ப்பது ஆச்சி, பிள்ளை கீழே உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருக்கும். ஆகவே அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அமெரிக்காவில் டிமிட்ரி கிறிஸ்டாகிஸும் அவருடைய குழுவினரும் 2009இல் வெளியிட்ட ஆய்வு இந்த ஓட்டையைப் பற்றியது. கைக்குழந்தை முதல் நான்கு வயதுவரையிலான 329 பிள்ளைகளின் சட்டையில் சிறு ஒலிப்பதிவுக் கருவியைப் பொருத்தி, வீட்டில் அவர்கள் காதில் விழும் பேச்சை அளந்தார்கள். டிவிச் சத்தம் கேட்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும், பெரியவர்கள் வாயிலிருந்து பிள்ளை கேட்கும் சொற்கள் ஏறத்தாழ 770 குறைந்திருந்தன. பிள்ளை திரையைப் பார்க்காவிட்டாலும் பெரியவர்கள் பார்க்கிறார்கள். பார்க்கும் நேரத்தில் பேசுவதில்லை.

சரி, டிவியிலும் பேச்சுதானே வருகிறது, அதைக் கேட்டுப் பிள்ளை கற்றுக்கொள்ளாதா? சியாட்டில் நகரில் பாட்ரீஷியா குல் 2003இல் வெளியிட்ட சோதனை இதற்கு விடை சொல்கிறது. ஒன்பது மாதக் குழந்தைகளோடு சீன மொழி பேசுகிறவர்கள் நேரில் உட்கார்ந்து புத்தகம் காட்டி, பொம்மை வைத்து விளையாடினார்கள். பன்னிரண்டு அமர்வுகளில் அக்குழந்தைகள் அம்மொழிக்கே உரிய ஒலிகளைப் பிரித்தறியக் கற்றன. அதே ஆட்களை, அதே விளையாட்டை வீடியோவில் பார்த்த குழந்தைகள் எதையும் கற்கவில்லை. இரண்டு, மூன்று வயதுக்குப் பிறகு நிலைமை கொஞ்சம் மாறுகிறது. நிதானமாக நகரும் நல்ல நிகழ்ச்சியைப் பக்கத்தில் ஒருவர் இருந்து, "அது என்ன? எங்க போகுது?" என்று பேசிக்கொண்டே காட்டினால் பிள்ளை கற்றுக்கொள்கிறது. நொடிக்கொரு காட்சி மாறும் கார்ட்டூனுக்கு இது பொருந்தாது.

திரை தமிழ்நாட்டு வீடுகளுக்குள் வந்த வேகத்தையும் சொல்ல வேண்டும். அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் 2006 செப்டம்பரில் தொடங்கியது. பிள்ளைகளுக்கென்றே சுட்டி டிவி 2007இல் வந்தது. சென்னையில் இருந்து சூச்சூ டிவி 2013இல் யூடியூபில் பாட்டுப் போடத் தொடங்கி உலகம் முழுக்கப் பிள்ளைகளைப் பிடித்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் டேட்டா விலை சரிந்தது. 2020இல் கொரோனாவுக்காகப் பள்ளிகள் மூடியபோது அண்ணன், அக்காவின் பாடமே செல்லுக்குள் போய்விட, மடியில் இருந்த கடைக்குட்டியும் கூடவே பார்த்தது. ஒரு தலைமுறை வளர்வதற்கு ஆகும் காலத்துக்குள் இத்தனையும் நடந்து முடிந்தது. வீட்டு வழக்கங்கள் அந்த வேகத்தில் மாறக் கூடியவை அல்ல.

இனி, செல் பிள்ளையின் கைக்குப் போகும் நேரம். தாமிரபரணிக் கரையிலும் அதன் துணை ஆறுகளின் கரையிலும் இதை விளக்கப் பீடி சுற்றும் வீட்டைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. முக்கூடல், ஆலங்குளம், கடையம், பொட்டல்புதூர், மேலப்பாளையம் என்று ஊர் ஊராகப் பெண்கள் வீட்டிலிருந்தே செய்யும் தொழில் இது. இலையும் தூளும் கடையில் வாங்கி வந்து, இலையை நனைத்து, அளவுத் தகடு வைத்துக் கத்தரியால் வெட்டி, மடியில் தட்டோடு உட்கார்ந்தால் கை ஓயாது. இலையை விரித்துத் தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, முனையை மடக்க வேண்டும். கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்று; அந்த ஆயிரம் முடிய ஏறக்குறைய ஒரு முழுப் பகல் ஆகும். இரண்டு வயதுப் பிள்ளை தட்டுக்குப் பக்கத்தில் வந்தால் எட்டும் தூரத்தில் கத்தரி. கையை விட்டால் புகையிலைத் தூள், அதே கை கண்ணுக்குப் போகும். செல்லைக் கொடுத்துச் சுவரோரம் உட்கார வைத்தால் கத்தரியும் தூளும் பிள்ளைக்கு எட்டாது, கூலியும் குறையாது. இந்தத் தாயிடம் போய் ஒரு மணி நேரம்தான் என்று சொல்லிவிட்டு வருவதில் பொருள் இல்லை.

1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் பெண்கள் வேலை செய்யும் தொழிற்கூடங்களில் ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வைக்கச் சொன்னது. சட்டம் எழுதியவர்களுக்கு இந்தப் பிரச்சினை தெரிந்திருக்கிறது. வேலை நடப்பதோ வீட்டில். வீட்டுக்குக் காப்பகம் கிடையாது. அந்தக் காலியிடத்தில்தான் இப்போது செல் உட்கார்ந்திருக்கிறது.

காப்பகத்துக்கு மிக அருகில் வரும் ஏற்பாடு அங்கன்வாடி, ஊர்ப் பேச்சில் பால்வாடி. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. தமிழ்நாட்டில் இன்று ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள் உண்டு. சத்துமாவும் முட்டையும் போக, 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்ற பாடத்திட்டமும் உண்டு: பாட்டு, கதை, மண், நிறம், எண் எல்லாம் கையும் உடம்பும் கொண்டு கற்பவை. பிள்ளைக்கு மூன்று வயது ஆனதும் அங்கே அனுப்பினால், பகலின் பெரும்பகுதி திரை இல்லாமலே கழியும். இதில் ஒரு வேடிக்கை: 2021இல் வந்த போஷன் டிராக்கர் செயலியில் எடை, உயரம், வருகை எல்லாம் ஏற்ற வேண்டியிருப்பதால் டீச்சர் கையிலும் செல் இருக்கிறது. பிள்ளைகள் கண்ணுக்கு அதுவும் செல்தான்.

பால்வாடிக்கு முந்தைய வயதுக்கும், பால்வாடி விட்டபின் வரும் சாயங்காலத்துக்கும் வீடுதான் வழி காண வேண்டும். பீடி சுற்றும் தெருக்களில் நாலைந்து பேர் ஒரே திண்ணையில் சேர்ந்து உட்கார்வது பழைய வழக்கம். அங்கே ஒரு ஆச்சியோ வேலை இல்லாத ஒரு பெண்ணோ பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டால் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு செல் தேவைப்படாது. கொடுத்தே ஆக வேண்டிய நேரம் ஒன்று இருந்தால், அது இலை வெட்டும் நேரமாக இருக்கட்டும். கத்தரி உள்ளே போனதும் செல்லும் உள்ளே போகலாம்.

சாப்பாட்டு நேரத்துக்கு இந்தச் சலுகை தேவையில்லை. திரையில் கண் வைத்த பிள்ளை வாயைத் திறந்துகொண்டே இருக்கும். பசித்ததும் தெரியாது, வயிறு நிறைந்ததும் தெரியாது. தட்டு காலியானது தாய்க்கு நிம்மதி, ஆனால் போதும் என்று சொல்லத் தெரிய வேண்டிய வயது அது. இடுப்பில் தூக்கிக்கொண்டு தெருவில் கோழியும் காக்காயும் காட்டி ஊட்டியதும் பராக்குக் காட்டியதுதானே என்று கேட்கலாம். பராக்குதான். ஆனால் காக்காய் பறந்துபோகும், வாய்ப் பேச்சு நடக்கும், ஊட்டுகிறவர் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். தூங்கப் போகும் நேரமும் இப்படியே. படுக்க ஒரு மணி நேரம் முன்பே திரையை நிறுத்துவது நல்லது என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை.

பழகிவிட்ட பிள்ளையிடமிருந்து செல்லைத் திரும்ப வாங்குவது தனி வேலை. மூன்று வயதுக்கு "அஞ்சு நிமிஷம்" என்றால் என்னவென்று தெரியாது. "ரெண்டு பாட்டு" என்றால் தெரியும். இரண்டாவது பாட்டு முடிந்ததும் அடுத்தது தானாக ஓடத் தொடங்கினால் அந்தச் சொல்லுக்கு மதிப்பில்லை. ஆகவே யூடியூபில் தானியங்கி இயக்கத்தை அணைத்துவிட வேண்டும், அல்லது இரண்டு பாட்டை மட்டும் இறக்கி வைத்து டேட்டாவை நிறுத்திவிட வேண்டும். "எய்யா, பாட்டு முடிஞ்சிட்டு, ஆச்சிகிட்ட குடு" என்று சொல்லி, அடுத்து செய்ய ஒன்றைக் கையில் கொடுத்தால் பாதி அழுகை குறையும். மீதி அழுகையைத் தாங்கத்தான் வேண்டும். முதல் சில நாள் அது கூடத்தான் செய்யும். அந்த நாட்களில் அம்மா மறுத்ததைத் தாத்தா இரக்கப்பட்டுக் கொடுத்தால், இன்னும் உரக்க அழ வேண்டும் என்பதைப் பிள்ளை கற்றுக்கொள்ளும். அழுகையை அடக்கவே செல் என்று வழக்கமாகிவிட்டால், தானாக அமைதியாகும் பழக்கம் வளர இடமில்லாமல் போகிறது.

அடுத்து கையில் கொடுக்க என்ன இருக்கிறது? அம்பாசமுத்திரத்தின் மரச் சொப்பு ஊருக்கே பெயர் வாங்கித் தந்தது. கடைசல் பிடித்து அரக்கு வண்ணம் ஏற்றிய உரல், அம்மி, திருகை, குடம், அடுப்பு. நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்திலும், குற்றாலத்துச் சாரல் காலக் கடைகளிலும் இந்தச் சொப்பு வாங்காமல் வந்தவர்கள் முன்பெல்லாம் குறைவு. இப்போது அதே கடையில் பக்கத்திலேயே பிளாஸ்டிக் செல் பொம்மை தொங்குகிறது. சொப்பு வைத்து விளையாடும் பிள்ளை அரிசி இல்லாமல் சோறு பொங்கும், இல்லாத விருந்தாளியோடு பேசும். ஒரு பிள்ளை இருந்தால் இன்னொன்று வந்து சேரும். ஒரு எச்சரிக்கை: செட்டில் உள்ள மிகச் சிறிய உருப்படிகள் மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் தொண்டையில் சிக்கும், அவற்றை எடுத்துவிட வேண்டும். ஓடுவதற்கு, வெயில் ஏறுமுன் காலையும், வெயில் தாழ்ந்த மாலையும். குறுக்குத்துறையிலோ வண்ணார்பேட்டையிலோ பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டு படித்துறைக்குப் போய் வந்தாலே அன்றைய ஓட்டத்தில் பாதி முடிந்துவிடும். பகல் வெளிச்சத்தில் இருப்பது பிற்காலத்தில் கிட்டப்பார்வை வராமல் காக்கவும் உதவுகிறது.

செல்லை நிறுத்தியும் பேச்சு வராத பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, இரண்டு வயதில் "அம்மா வா" என்று இரண்டு சொல் சேர்த்துப் பேசாதது, பேசிக்கொண்டிருந்த பிள்ளை பேச்சை விட்டது ஆகிய மூன்றுக்கும் செல்லைக் காரணம் சொல்லிக் காத்திருக்கக் கூடாது. முதலில் காது கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஃபிளாரன்ஸ் ஸ்வெய்ன்சன் காது கேளாத பிள்ளைகளுக்குப் பாளையங்கோட்டையில் பள்ளி தொடங்கினார். அந்தப் பள்ளி இருக்கும் ஊர்ப் பக்கத்திலேயே, காது கேளாத பிள்ளையைச் 'செல்லுப் பார்த்துக் கெட்டது' என்று சொல்லிக் காலம் கடத்துவது பெரிய இழப்பு. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் மாவட்டந்தோறும் தொடக்கநிலை இடையீட்டுச் சேவை மையம் அமைக்கப்பட்டது. காது, பேச்சு, மன வளர்ச்சி எல்லாம் அங்கே இலவசமாகப் பார்க்கப்படும். அங்கே எப்படிப் போவது என்று அங்கன்வாடிப் பணியாளரிடம் கேட்கலாம்.

தென்காசிக்குப் பக்கத்தில் ஆய்க்குடியில், எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் இந்த வயதுப் பிள்ளைகளின் வளர்ச்சித் தாமதத்துக்கென்று ஒரு செயலியையே உருவாக்கியிருக்கிறது. கிராமத்துப் பணியாளர் அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறார். பிள்ளையின் நிலையைப் பதிவு செய்கிறார். வல்லுநர்கள் அதைப் பார்த்துப் பயிற்சியைத் திட்டமிட, தாய்க்கு அது வீட்டிலேயே கற்றுத் தரப்படுகிறது. அங்கே திரை இருப்பது பணியாளர் கையில். பிள்ளையின் முன்னால் இருப்பது பந்தும் தாயும்.