தறியும் வினாக்கொத்தும்

மருதமுனையிலே தறியின் முன் அமர்ந்திருக்கும் நெசவாளியிடம், "இடர் ஏற்கும் மனப்பாங்கு உங்களிடம் உண்டா?" என்று கேட்டு, 'முற்றிலும் உடன்படுகிறேன்' என்பதிலிருந்து 'சிறிதும் உடன்படவில்லை' என்பதுவரை ஐந்து கட்டங்களை வரைந்து, அவற்றுள் ஒன்றில் அடையாளமிடச் சொல்வது இன்று ஆராய்ச்சி எனப் பெயர் பெற்றிருக்கிறது. இந்த ஐந்து படி அளவுகோலை அமெரிக்க உளவியலாளர் ரென்சிஸ் லிக்கேட் 1932இல் வகுத்தார். அளவுகோலின்மீது நமக்குக் கோபமில்லை. நூலைக் கடனுக்கு எடுத்து, சாயத்தைக் கடனுக்கு எடுத்து, பாவோடித் தறியேற்றி, பெருநாட் சந்தையை நம்பிச் சாறன் நெய்து வைத்துவிட்டு, அதே சந்தையில் இறக்குமதித் துணி தன் அடக்க விலைக்கும் கீழே விற்கப்படுவதைப் பார்த்து நிற்கும் மனிதனிடம் இக்கேள்வியைக் கேட்கும் துணிவு எங்கிருந்து வருகிறது என்பதே நாம் கேட்பது. இடரைத் தவிர ஏற்பதற்கு அவனிடம் வேறென்ன எஞ்சியிருக்கிறது?

முயற்சியாண்மை என்னும் பாடம் நமது பல்கலைக்கழகங்களின் முகாமைத்துவ பீடங்களில் இன்று அசைக்க முடியாத இடம் பெற்றுள்ளது. அதன் அடியிலே ஓர் எண்ணம் கிடக்கிறது. பொருள் வளர்ச்சியின் ஊற்று தனிமனிதன் உள்ளத்திலுள்ள ஊக்கமே, ஊக்கமுடையவன் உயர்வான், உயராதவனிடம் ஊக்கம் போதாது. இவ்வெண்ணம் தெற்காசியாவுக்கு வந்த வழி சுவையானது. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்து டேவிட் மக்கிளெலண்ட் 1961இல் வெளியிட்ட நூலொன்றில், நாடுகளின் செழிப்பை அந்நாட்டு மக்களின் சாதனை வேட்கையோடு பிணைத்துக் காட்டினார். பின்னர் 1964ஆம் ஆண்டளவில் ஆந்திரத்துக் காக்கிநாடாவிலே சிறு வணிகரைக் கூட்டி, படங்களைக் காட்டிக் கதை எழுதச் சொல்லி, அக்கதைகளிலே சாதனை வேட்கை எவ்வளவு உண்டெனக் கணக்கிட்டு, வேட்கை மிகுந்த கதைகளை எழுதப் பயிற்றினார். அப்பயிற்சியின் பின் வணிகர் முன்னிலும் சுறுசுறுப்பாயினர் என்று 1969இல் நூலும் வந்தது. ஆயிருக்கலாம். கதை எழுதினால் உற்சாகம் பிறக்கும் என்பதை எழுத்தாளர்களாகிய நாம் மறுக்க முடியாது. ஆனால் நூலின் விலையைக் கதை குறைக்குமா?

இப்பாடத்தின் மூலவராகப் போற்றப்படும் ஜோசப் சும்பீட்டரையேனும் நம்மவர் ஊன்றிப் படித்தால் நன்று. 1911இல் வெளிவந்த தமது நூலிலே அவர் இடரேற்றலை முயற்சியாளனின் தொழிலாகக் கூறவில்லை. இடர் முதலிட்டவனுடையது, கடன் கொடுத்தவனுடையது என்றார். புதிய சேர்க்கைகளை ஆக்குவோனுக்கு வங்கி கடன் வழங்கும். முயற்சி தோற்றால் நட்டம் கடன் கொடுத்தவனைச் சேரும். நம் கரையிலோ எல்லாம் தலைகீழ். கடன் கொடுத்தவன் பாதுகாப்பாயிருக்கிறான், நெய்தவன் மூழ்குகிறான். நுண்கடன் நிறுவனங்களின் வாரத் தவணைக்கு அஞ்சிப் பெண்கள் வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளும் நிலை முற்றி, வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட பெண்களின் நுண்கடன்களை அரசே தள்ளுபடி செய்யவேண்டிய காலம் 2018இல் வந்தது. அப்பெண்களுக்கு அக்கடன் கொடுக்கப்பட்டபோது சொல்லப்பட்ட சொல்லும் முயற்சியாண்மைதான்.

வரலாற்றைப் பார்ப்போம். 1970 முதல் 1977 வரை இறக்குமதிகள் கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலத்தில் கைத்தறித் துணிக்கு உள்நாட்டிலே சந்தை இருந்தது. மருதமுனைச் சாறனும் சாறியும் நாடெங்கும் போயின. அக்காலம் பொற்காலமென்று நாம் பாட வரவில்லை. பாணுக்கு மக்கள் வரிசையில் நின்ற காலமும் அதுவே. 1977இல் ஜே. ஆர். ஜயவர்த்தன அரசு பொருளாதாரத்தைத் திறந்து விட்டது. வெளிநாட்டுத் துணி வந்து குவிந்தது. நாடெங்கும் தறிகள் நின்றன. 1976இல் தறியில் ஓடிய கையும் 1979இல் தறியை விட்டிறங்கிய கையும் ஒரே மனிதனின் கைகள். மூன்றாண்டுகளில் அவனுடைய மனப்பாங்கா மாறிவிட்டது? சாதனை வேட்கையா வற்றிவிட்டது? பின்பு போர் வந்தது. 2004 டிசெம்பர் 26ஆம் நாள் கடல் வந்தது. அக்கடற்கோளில் இலங்கையிலே மிகுதியான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை; மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் கரையோரத் தெருக்கள் தெருக்களாகவே அழிந்தன. 2022இல் ரூபா வீழ்ந்தபோது வெளியிலிருந்து வரும் நூலும் சாயமும் விலையேறின. இவற்றுள் எந்த ஒன்றையும் நெசவாளியின் உள்ளத்தைக் கிளறிக் கண்டுபிடிக்க முடியாது. கொழும்புத் துறைமுகத்தின் சுங்கப் பட்டியலையும் வரவுசெலவுத் திட்டத்தையும் புரட்டினால் பாதி விடை கிடைத்துவிடும்.

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். ஒலுவிலிலே நிமிர்ந்து நிற்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சிறுமைப்படுத்துவது நமது நோக்கமன்று. போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்திலும் வந்தாறுமூலையிலும் படிப்பைத் தொடர வழியற்று நின்ற நம் பிள்ளைகளுக்காக எழுந்த நிறுவனம் அது. எம். எச். எம். அஷ்ரப் அவர்களின் விடாமுயற்சியால் 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாக அட்டாளைச்சேனையில் தொடங்கி, 1996இல் பல்கலைக்கழகமாயிற்று. அது பிறந்தபோதே கலை பண்பாட்டு பீடத்தோடு முகாமைத்துவ வர்த்தக பீடமும் பிறந்தது. நெசவாளியின் மகளும் மீனவனின் மகனும் வயற்காரனின் பேரனும் பட்டம் பெற்றது அதனால்தான். ஆதலினாலேயே நமக்கு அதனிடம் உரிமை உண்டு. உரிமையுள்ள இடத்திலேதான் சண்டையும் உண்டு.

நிறுவனங்களுக்கிடையிலான ஒத்துழைப்பு என்பது அடுத்த பாடம். வலையமைப்பு, பங்காண்மை, கூட்டிணைவு என்று அழகிய பெயர்களும், பெட்டிகளை அம்புக்குறிகளால் இணைத்த படங்களும் அதில் நிறைய உண்டு. ஒத்துழைப்பு என்பது இக்கரைக்குக் கப்பலேறி வந்த சரக்கா? விடியற்காலையில் கரைவலை இழுப்போரைப் பாருங்கள். வலைக்காரருக்கு ஒரு பங்கு, தோணிக்கு ஒரு பங்கு, இழுத்தவர்க்குப் பங்கு எனப் பிரியும் அக்கணக்கிலே ஒத்துழைப்பும் இருக்கிறது, சுரண்டலும் இருக்கிறது. இரண்டையும் ஒருங்கே படிக்கலாம். சம்மாந்துறை வட்டைகளில் நீர் பங்கிடும் வட்டவிதானையின் முறையிலே ஒரு பாடநூலுக்கான செய்தி கிடக்கிறது. போடியார் எவ்வளவு கொண்டுபோனார் என்பதையும் அதே பாடத்தில் எழுதலாம். 1957இல் பிலிப் குணவர்த்தன பல நோக்குக் கூட்டுறவுச் சங்கங்களை நாடெங்கும் பரப்பினார்; மறு ஆண்டில் நெற்காணிச் சட்டம் வந்தது. கூட்டுறவுகள் ஏன் கட்சிக்காரரின் பிடியிற் சிக்கின, நெசவாளர் சங்கங்கள் ஏன் பெயர்ப்பலகைகளாய் மெலிந்தன என்பவையே நிறுவன ஒத்துழைப்பின் மெய்யான கேள்விகள். தோல்வியைப் படிக்காமல் ஒத்துழைப்பைப் படிப்பது நீந்தாமல் கடலைப் படிப்பது போன்றது.

பல்கலைக்கழக வளாகத்துக்கு அண்மையிலேயே ஒத்துழைப்புக்கு ஓர் உதாரணம் கடலுக்குள் நீண்டு கிடக்கிறது. ஒலுவில் துறைமுகம் டென்மார்க்கின் கடனுதவியோடு 2008இல் கட்டத் தொடங்கப்பட்டு 2013 செப்டெம்பரில் திறக்கப்பட்டது. அரச நிறுவனங்கள், வெளிநாட்டுக் கடன் வழங்குநர், ஒப்பந்தக்காரர், ஆலோசகர் என அம்புக்குறிகளால் இணைக்கத்தக்க பெட்டிகள் அத்தனையும் அங்கே கைகோத்தன. விளைவு என்ன? தெற்கிலிருந்து வடக்கு நோக்கிக் கரையோரமாய் நகரும் மணலை அலைதடுப்புச் சுவர்கள் மறித்தன. மறிக்கப்பட்ட மணல் துறைமுக வாயிலைத் தூர்த்தது. மணல் வந்து சேராத வடக்குக் கரையைக் கடல் தின்றது. ஒலுவிலிலும் நிந்தவூர்ப் பக்கத்திலும் தென்னைகள் சாய்ந்தன. தோணி ஏற்றிவைக்கும் கரையே இல்லாமற் போயிற்று. கச்சானுக்கும் வாடைக்கும் மணல் எப்படிப் புரளும் என்பதைத் தலைமுறைகளாய்க் கண்டு வந்த மீனவன் அந்தப் பெட்டிகளுள் எதிலே இருந்தான்? ஒத்துழைப்பு நடந்தது, யாரோடு, யாரை விலக்கி என்பதைப் பாடநூல் கேட்பதில்லை.

கல்முனையையே எடுத்துக்கொள்வோம். ஒரே நகரத்தில் பிரதேச செயலக எல்லை பற்றித் தமிழரும் முஸ்லிம்களும் எதிரெதிரே நிற்க, 2019 ஜூனில் உண்ணாவிரதம் வரை அது போயிற்று. மருதமுனைக்கும் பெரிய நீலாவணைக்கும் இடையே ஒரு கோடுதான். நூல் விலை அக்கோட்டின் இருபுறமும் ஒன்றே, வட்டியும் ஒன்றே. இரண்டு ஊர் உழைப்பாளரும் சேர்ந்து நூல் வாங்கினால் என்ன ஆகும் என்று ஓர் ஆய்வு செய்வதற்கு அரசியல்வாதி அஞ்சலாம். ஆசிரியன் ஏன் அஞ்சவேண்டும்?

இனிப் பண்புசார் ஆய்வு. எண்ணிக்கை சொல்லாததை மனிதர் வாய்மொழியும் வாழ்நிலையும் சொல்லும் என்பது அதன் கொள்கை. நல்ல கொள்கை. டெனிஸ் மக்கில்வ்ரே என்னும் மானிடவியலாளர் 1969 தொடக்கம் அக்கரைப்பற்றில் தங்கி, மீண்டும் மீண்டும் வந்து, இக்கரைத் தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழிக் குடிமுறையை எவ்வாறு பகிர்கின்றனர், வீடும் வயலும் சீதனமாகப் பெண்வழி எவ்வாறு செல்கின்றன என்பதை ஆராய்ந்தார். அவரது பெருநூல் 2008இல் வெளியாயிற்று. நாற்பது ஆண்டுகள்! வித்துவான் வீ. சீ. கந்தையா 1964இல் 'மட்டக்களப்புத் தமிழகம்' எழுதியபோது பண்புசார் ஆய்வு என்ற சொல்லை அறிந்திருக்கமாட்டார், மக்களை அறிந்திருந்தார். நிந்தவூர் எஸ். முத்துமீரான் நம் கிராமத்து முஸ்லிம்களின் பாடல்களையும் பழமொழிகளையும் திரட்டியதும் அவ்வகையே. இவர்களோடு ஒப்பிட்டால், ஒரு பகற்பொழுதில் பத்துப்பேரிடம் கைத்தொலைபேசியில் ஒலிப்பதிவு செய்து, நான்கு கருப்பொருள்களாய் வெட்டி, மேற்கோட்குறிக்குள் இரண்டு வாக்கியங்களைப் பதித்துவிட்டு ஆய்வு முடிந்தது என்பதை என்னவென்று சொல்வது? மாணவனை நாம் குறை கூறோம். தவணை அவ்வளவு குறுகியது, புள்ளி அவ்வளவு கொடியது. தறி வீட்டிலேயே பிறந்த மாணவி, தன் தாயின் தொழிலைப் பற்றி எழுதும்போதும் வெளிநாட்டுச் சட்டகம் ஒன்றுக்குள் அத்தாயைத் திணித்தாலன்றிப் பட்டம் கிட்டாது என்ற நிலையை உண்டாக்கியவர் யார்?

மொழி இன்னொரு களவு. களவென்ற சொல்லைத் தெரிந்தே எழுதுகிறேன். நெசவாளி தமிழில் பேசுகிறான். மாணவன் தமிழில் கேட்கிறான். அறிக்கை ஆங்கிலத்தில் எழுதப்படுகிறது. ஆங்கில ஆய்விதழில் அச்சேறுகிறது. ஆங்கில மாநாட்டில் வாசிக்கப்பட்டு, ஆசிரியரின் பதவி உயர்வுக் கோப்பிலே போய்ச் சேருகிறது. பேசியவனிடம் அது திரும்புவதேயில்லை. உலக மொழி வேண்டாமா என்பர் சிலர். வேண்டும். ஆங்கிலத்தில் எழுதுக, தமிழிலும் எழுதுக. இரண்டாவதற்குப் புள்ளி கிடையாது என்பதால் அது எழுதப்படுவதில்லை என்பதை அவர்களும் அறிவர்.

"பட்டதாரிக்கு வேலை வேண்டும், அரச வேலைக்குக் காத்திருக்கலாகாது, ஆகவே அவனைத் தொழில் தொடங்கப் பழக்குகிறோம்" என்பது மறுதரப்பின் வலிமையான வாதம். கல்முனைக் கடைத்தெருவைப் பார்த்த எவரும் நம் மக்களுக்கு வணிகத் துணிவு கற்பிக்கப்படவேண்டும் என்று சொல்லத் துணியார். அங்கே துணிவு தாராளமாய் உண்டு. கணக்கு இல்லை, மலிவான முதல் இல்லை, சேர்ந்து வாங்கிச் சேர்ந்து விற்கும் அமைப்பு இல்லை. இவற்றைக் கற்பித்த பல்கலைக்கழகமொன்று உலகில் இருந்தது. கனடாவின் நோவா ஸ்கோஷியாக் கரையிலே, அன்ரிகோனிஷ் என்னும் சிற்றூரின் சென் பிரான்சிஸ் சேவியர் பல்கலைக்கழகம் 1928இல் விரிவுக் கல்விப் பகுதியொன்றை நிறுவியது. மோசஸ் கோடி என்னும் கத்தோலிக்கக் குரு அதன் முதல் இயக்குநர். கடனுக்கு வலை தந்த முதலாளிக்கே அவன் சொன்ன விலையில் மீனை விற்றுக்கொண்டிருந்த மீனவரிடம் அவர் சென்றார். அவர்களுடைய மனப்பாங்கை அளக்கவில்லை. வீட்டு அடுக்களைகளிலே சிறு சிறு படிப்பு வட்டங்களைக் கூட்டினார்; எளிய துண்டுநூல்களை அச்சிட்டுக் கொடுத்தார்; சிங்கி இறாலின் விலை கரையில் என்ன, நகரச் சந்தையில் என்ன, இடையிலுள்ளது எங்கே போகிறது என்று அவர்களையே கணக்கெழுத வைத்தார். படித்தவர்கள் கடன் சங்கம் அமைத்தனர். கூட்டுறவு அடைப்பாலைகளைக் கட்டினர். 1930இல் மீனவரின் மாகாணங்கடந்த சம்மேளனமும் எழுந்தது. கோடி பொதுவுடைமைவாதி அல்லர், திருச்சபையின் மனிதர். பள்ளிவாசலும் பாடசாலையும் ஊருக்கு ஊர் உள்ள நம் கரைக்கு அது எட்டாத செயலன்று.

ஆகவே நம் கோரிக்கை பெரிதன்று. மருதமுனையில் ஒரு சாறனுக்குப் போகும் நூல், சாயம், கூலி, வட்டி, தரகு ஆகியவற்றின் கணக்கை முகாமைத்துவ மாணவர் ஓராண்டு நெசவாளரோடு அமர்ந்து எழுதட்டும். இறக்குமதித் தீர்வை மாறிய ஒவ்வோர் ஆண்டிலும் எத்தனை தறி நின்றது என்பதை அவ்வூர் முதியோரிடம் கேட்டு அதன் பக்கத்தில் குறிக்கட்டும். ஒலுவில் கரையின் மணலைப் பற்றி மீனவர் சொல்வதைப் பொறியியல் பீடமும் வந்து கேட்கட்டும். எழுதியதைத் தமிழில், ஒரு வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பின், சொன்னவர் முன்னிலையிலேயே வாசிக்கட்டும். பிழை என்று அவர்கள் சொல்வதைத் திருத்திய பிறகே பரீட்சகரிடம் அனுப்பட்டும். அதற்கு வெளிநாட்டு நிதி தேவைப்படாது. பாடத்திட்டக் குழுவின் அடுத்த கூட்டத்திலே ஒரு தீர்மானமும், வாசிக்கப் போகும் ஊரில் ஒரு மண்டபமும் போதும்.