வியாதி தீர்ந்தது, வீடு எங்கே?

சென்னைக்குத் தெற்கே, மேடவாக்கத்துக்கும் கீழ்க்கட்டளைக்கும் நடுவில் இருக்கிறது கோவிலம்பாக்கம். ஒரு காலத்தில் ஏரியும் வயலுமாக இருந்த ஊர். இன்று தெருவுக்குத் தெரு மாடி வீடுகள். "வீடு வாடகைக்கு" என்ற பலகைகளையும் அங்கே காணலாம்.

வீட்டுக்காரர் என்ன கேட்பார் என்பது எல்லோருக்கும் தெரியும். "எத்தனை பேர்? என்ன உத்தியோகம்? சொந்த ஊர் எது?"

நான்கு பெண்கள் வீடு கேட்டு வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களோடு தகப்பனும் இல்லை, கணவனும் இல்லை. நான்கு பேரும் மனநோய்க்குச் சிகிச்சை பெற்றுத் தேறியவர்கள். வாடகையும் முன்பணமும் தயார். வீடு கிடைக்குமா?

இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலில்தான் பலருடைய வாழ்வு அடங்கியிருக்கிறது.

போக இடமில்லை

சென்னையில் மனநோயாளிகளுக்கான ஆஸ்பத்திரி 1794-ல் ஏற்பட்டது. கீழ்ப்பாக்கத்தில் உள்ள அரசு மனநலக் காப்பகம் அதன் வழியில் வந்ததுதான். இத்தகைய இடங்களில் எல்லாம் ஒரு துயரம் உண்டு. வியாதி தணிந்துவிடும். டாக்டர், "இனி வீட்டுக்குப் போகலாம்" என்று சொல்லிவிடுவார். ஆனால் அழைத்துப் போக யாரும் வரமாட்டார்கள். பெற்றோர் காலமாகியிருப்பார்கள். கணவன் வேறு குடும்பம் அமைத்திருப்பான். சிலருக்குத் தங்கள் ஊர்ப் பெயரே நினைவில் இராது.

ஆகவே நோய் இல்லாமலே ஆஸ்பத்திரியில் ஆண்டுகள் கழியும். இல்லையேல் வீதிதான் கதி.

வேறு சிலருக்கு நேர்ந்தது இன்னும் கொடுமை. 2001 ஆகஸ்டு 6-ந் தேதி, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த நோயாளிகளால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். நாடே பதறியது.

மறுபடியும் ஒரு வீடு

1993-ல் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்ற இரண்டு இளம் பெண்கள் சென்னையில் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அதன் பெயர் 'தி பானியன்'. ஆலமரம் என்று பொருள். வீதியில் திரிந்த மனநோயாளிப் பெண்களுக்கு அது நிழல் தந்தது. சிகிச்சை பெற்ற பலர் தங்கள் குடும்பத்தோடு சேர்ந்தார்கள். சேர முடியாதவர்கள் காப்பகத்திலேயே தங்கிவிட்டார்கள்.

அவர்களுக்காக 2015-ல் வந்தது 'ஹோம் அகெய்ன்' திட்டம். 'மறுபடியும் வீடு' என்பது அதன் கருத்து. சாதாரணத் தெருவில் ஒரு சாதாரண வீட்டை வாடகைக்கு எடுக்கிறார்கள். நாலைந்து பேர் ஒரு குடும்பம் போல் அதில் வசிக்கிறார்கள். யாரோடு வசிப்பது, என்ன சமைப்பது என்பதை அவர்களே தீர்மானிக்கிறார்கள். கடைக்கும் கோயிலுக்கும் வேலைக்கும் போய் வருகிறார்கள்.

துணைக்கு உதவியாளர் உண்டு. வேளைக்கு மருந்து, பாங்குக் கணக்கு, டாக்டரிடம் போவது, வீட்டுக்குள் வரும் சிறு சண்டை எல்லாவற்றிலும் கைகொடுப்பார். எவ்வளவு உதவி தேவையோ அவ்வளவுதான். அதிகாரம் செய்வதில்லை.

தமிழ்நாட்டில் தொடங்கிய இத்திட்டம் கேரளத்துக்கும் மகாராஷ்டிரத்துக்கும் பரவியது. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட வழிகாட்டி நூலில் இதை நல்ல முன்மாதிரிகளில் ஒன்றாகக் காட்டியது.

வெளிநாடுகளிலும் இவ்வழி உண்டு. பெல்ஜியத்தில் கேல் என்ற ஊரில், மனநோயாளிகளைத் தங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளும் வழக்கம் பல நூற்றாண்டுகளாக இருக்கிறது. நியூயார்க்கில் 1992-ல் ஒரு திட்டம் தொடங்கியது. "முதலில் வீடு, மற்றவை பிறகு" என்பதே அதன் கொள்கை.

சட்டம் சொல்வது

2017-ல் இயற்றப்பட்ட மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2018-ல் அமலுக்கு வந்தது. குடும்பம் இல்லை, அல்லது குடும்பம் ஏற்கவில்லை என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவரை மனநல ஆஸ்பத்திரியில் வைத்திருக்கக் கூடாது என்கிறது அச்சட்டம். சமூகத்தில் ஒருவராக வாழ்வது அவர் உரிமை. அதற்கான குழு இல்லங்களை ஏற்படுத்துவது, அல்லது அவற்றுக்கு ஆதரவு தருவது சர்க்காரின் கடமை. சங்கிலியால் கட்டுவது குற்றம்.

சட்டம் இருக்கிறது, வீடுகள்தாம் போதவில்லை. நன்கொடையை மட்டும் நம்பி வாடகை கொடுத்தால், நன்கொடை நின்ற மாதம் வீடும் நின்றுவிடும். நிரந்தரமாகப் பணம் ஒதுக்க வேண்டியது சர்க்கார்தான்.

அக்கம்பக்கத்தார் பங்கு

ஆனால் சர்க்கார் பணம் தந்தாலும் வீட்டுக்காரர் மனம் வைக்க வேண்டும். "ஆபத்து வருமோ?" என்று அஞ்சுவது இயல்பு. உண்மையில் மனநோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் யாரையும் தாக்குவதில்லை. பிறர் கையில் அடிபடுகிறவர்களாகவே பலர் இருக்கிறார்கள். சர்க்கரை வியாதிக்காரர் மருந்து சாப்பிட்டு வேலைக்குப் போவது போல, இவர்களில் பலரும் மருந்து சாப்பிட்டு நல்லபடி வாழ முடியும்.

குடும்பத்தில் யாருக்காவது மனக் கஷ்டம் என்றால் மறைக்க வேண்டியதில்லை. 14416 என்ற எண்ணில் அரசின் இலவச ஆலோசனை கிடைக்கிறது.

மருந்து கொடுப்பது டாக்டர் வேலை. வாடகைக்கு வழி செய்வது சர்க்கார் வேலை. காலையில் வாசலில் கோலம் போடும் புதுக் குடித்தனக்காரப் பெண்ணைப் பார்த்து, "சாப்பாடு ஆச்சா, அக்கா?" என்று கேட்பது எதிர்வீட்டார் வேலை. அந்த ஒரு வார்த்தை கிடைத்தால்தான் அவள் குடியிருப்பது வீடாகும்.