பழைய படத்துக்கு ப்ளூரே எதற்கு?

காலை நடைப்பயிற்சி நண்பர்கள் நடுவே சில நாட்களாக ஒரு விவாதம். யூடியூபில் ஓசியில் கிடைக்கிற பழைய படத்தைக் காசு கொடுத்து ப்ளூரே தட்டில் வாங்குவது பென்ஷன்காரனுக்கு அடுக்குமா என்பதுதான் அது. என் கட்சி இதுதான்: எல்லாப் படத்தையும் வாங்க வேண்டாம், ஆனால் ஒழுங்காகச் செய்யப்பட்டிருந்தால் சில படங்களை அவசியம் வாங்க வேண்டும். எது ஒழுங்கு என்பதை அட்டையில் 'எச்டி', '4கே' என்று போட்டிருப்பதை வைத்து முடிவு செய்யக்கூடாது.

முதலில் ஒரு தப்பெண்ணத்தைத் தள்ளிவிடுவோம். "அந்தக் காலத்துப் படத்தில் என்ன பெரிய தெளிவு இருந்துவிடப் போகிறது?" என்று கேட்கிறார்கள். நிறையவே இருக்கிறது! 35 எம்எம் நெகட்டிவில் பதிந்திருக்கும் விவரத்தில் பெரும்பகுதியை நம் வீட்டு டிவி காட்டியதே இல்லை. டிவிடியில் ஒரு காட்சிக்குச் சுமார் மூன்றரை முதல் நான்கு லட்சம் புள்ளிகள். ப்ளூரேயில் இருபது லட்சத்துக்கு மேல். 4கே என்றால் எண்பது லட்சத்தைத் தாண்டும். கொட்டகையில் பார்த்த படத்தை தூர்தர்ஷனின் ஞாயிறு மாலையில் பார்த்தோம், பிறகு வீடியோ கேசட்டில், பிறகு டிவிடியில், இப்போது கைபேசியில். ஒவ்வொரு படியிலும் ஏதோ ஒன்று உதிர்ந்துகொண்டே வந்திருக்கிறது. குறை படத்தில் இல்லை, நம் கைக்கு வந்த நகலில்.

'அந்த நாள்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1954-இல் எஸ். பாலசந்தர் இயக்கியது, பாட்டே கிடையாது. பாதிக் கதையை மாருதி ராவின் ஒளிப்பதிவுதான் சொல்கிறது. முகத்தில் பாதி வெளிச்சம், பாதி இருட்டு. அந்த இருட்டுக்குள்ளும் சாம்பல் நிறத்தில் எத்தனையோ படிகள் உண்டு. யாரோ சுருக்கி இணையத்தில் ஏற்றிய நகலில் அத்தனையும் ஒரே கரிப்பூச்சாகிவிடுகிறது. கறுப்பு வெள்ளைப் படத்துக்குத்தான் நல்ல நகல் அதிகம் தேவை என்பேன். அதற்கு இருப்பதே வெளிச்சமும் நிழலும்தானே.

வண்ணப் படங்களின் கதை வேறு. ஈஸ்ட்மன்கலர் பிரிண்டுகளில் காலப்போக்கில் நீலச்சாயல் முதலில் வெளுத்துப்போகும், சிவப்பு மட்டும் தங்கும். மறுவெளியீடுகளில் வானம் முதல் கதாநாயகி முகம் வரை ரோஸ் நிறத்தில் பார்த்தோமே, அது இதனால்தான். 'காதலிக்க நேரமில்லை'யில் வின்சென்ட் பிடித்த ஆழியாறு அப்படியா இருந்தது? வெளுத்த பிரிண்டை அப்படியே 4கேயில் ஏற்றினால் வெளுப்புதான் துல்லியமாகத் தெரியும். நெகட்டிவுக்குப் போய், நிறத்தைச் சரிசெய்து கொண்டுவந்தால்தான் காசுக்கு மதிப்பு.

அடுத்தது வெட்டு. நம் பழைய படங்கள் கிட்டத்தட்ட நாலுக்கு மூன்று என்ற சதுரவாக்கில் எடுக்கப்பட்டவை. இன்றைய டிவி பதினாறுக்கு ஒன்பது. பக்கவாட்டில் கறுப்புப் பட்டை வந்தால் ஜனங்களுக்குப் பிடிக்காது என்று மேலும் கீழும் நறுக்கிவிடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், படத்தில் கால் பங்கு காலி! 'வஞ்சிக்கோட்டை வாலிப'னில் பத்மினியும் வைஜயந்திமாலாவும் ஆடும் போட்டி நடனத்தைப் பாதம் தெரியாமல் பார்ப்பதற்கு, ரேடியோவில் கேட்டுவிட்டுப் போகலாம். கறுப்புப் பட்டை இருந்தால் சந்தோஷப்படுங்கள். படம் முழுசாக இருக்கிறது என்று அர்த்தம்.

பாட்டு ரசிகர்களுக்கு ஒரு செய்தி. சினிமா விநாடிக்கு 24 பிரேம், நம் டிவி முறை 25. அதனால் டிவியிலும், அதே முறையில் வந்த டிவிடிகளிலும் படம் நூற்றுக்கு நான்கு பங்கு வேகமாக ஓடும். இரண்டரை மணி நேரப் படம் ஆறு நிமிடம் முன்னதாகவே முடியும். சுருதியும் ஏறக்குறைய அரைக் கட்டை ஏறிவிடும். 24 பிரேமில் செய்த ப்ளூரேயில் இந்தக் கோளாறு இல்லை. பி. சுசீலாவை அவர் பாடிய சுருதியிலேயே கேட்கலாம்.

சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று அளவுக்கு மீறுகிறவர்களும் உண்டு. பிலிமுக்கே உரிய பொடித்துகளைத் துடைத்தெடுத்து, நடிகர்களை மெழுகுப் பொம்மைகளாக்கிவிடுகிறார்கள். கறுப்பு வெள்ளைக்கு வண்ணம் பூசுவதும் எனக்கு உடன்பாடில்லை. 2010-இல் தெலுங்கு 'மாயாபஜா'ரை அப்படி வண்ணத்தில் கொண்டுவந்தார்கள். மார்க்கஸ் பார்ட்லியின் நிலா வெளிச்சத்துக்கு வண்ணம் எதற்கு?

"ரொம்பத் தெளிவாக இருந்தால் ஒட்டு மீசையும் டோப்பாவும் அட்டைக் கோட்டையும் பல்லிளிக்குமே" என்கிறார் ஒரு நண்பர். தரை டிக்கெட்டில் மணலைக் குவித்து உட்கார்ந்து பார்த்த நமக்கு அன்றே அதெல்லாம் தெரியும். தெரிந்துதான் அழுதோம், விசிலடித்தோம்.

ஒழுங்காகச் செய்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு சத்யஜித் ராயின் அபு படங்கள் மூன்றும் சாட்சி. 1993-இல் லண்டனில் நடந்த தீ விபத்தில் அவற்றின் நெகட்டிவ்கள் கருகிப்போயின. கருகியதில் மிஞ்சியதை இத்தாலியின் பொலோனா நகரில் பக்குவப்படுத்தி, போன பகுதிகளுக்கு வேறு பிரதிகளைச் சேர்த்து, 2015-இல் 4கேயில் மீட்டார்கள். நெருப்பில் வெந்ததற்கே இது முடிந்தது. நம் பக்கத்திலோ, 1931-இல் வந்த முதல் தமிழ் பேசும் படம் 'காளிதாஸ்' இன்று ஒரு பிரதிகூட இல்லாமல் போய்விட்டது. எரிந்தது, மட்கியது, கவனிப்பாரில்லாமல் போனது என்று எத்தனை படங்கள்!

புதுப்பிக்கப் பணம் வேண்டும். பார்க்க ஆள் உண்டு என்று தெரிந்தால்தான் பணம் போடுகிறவர் வருவார். 2012-இல் 'கர்ணன்' டிஜிட்டலில் வந்து நூறு நாள் தாண்டி ஓடியதே, ஆள் இருக்கிறது என்பதற்கு அதைவிட என்ன வேண்டும்? நல்ல தட்டு ஒன்றை வாங்குவதும் அந்த வகையில் ஒரு ஓட்டுதான். இணையத்தில் இன்று இருக்கும் படம் நாளை காணாமல் போகலாம். அலமாரியில் இருக்கும் தட்டை யாரும் ராத்திரியோடு ராத்திரியாக எடுத்துவிட முடியாது.

ஆகவே வாங்குமுன் மூன்று கேள்விகள். எதிலிருந்து எடுத்தார்கள், நெகட்டிவா, தேய்ந்த பிரிண்டா? முழுச் சட்டகமும் இருக்கிறதா? வாங்கியவர் யாராவது முகத்தோல் இயல்பாக இருக்கிறது என்கிறாரா? மூன்றுக்கும் பதில் சரியென்றால் யோசிக்காதீர்கள். இல்லையென்றால் யூடியூபே போதும், காசு மிச்சம்.

இந்தப் படங்கள் திரையில் எப்படி இருந்தன என்று கண்ணால் கண்ட கடைசித் தலைமுறை நாம். வெளுத்ததையும் வெட்டியதையும் "பரவாயில்லை, பழசுதானே" என்று நாமே ஏற்றுக்கொண்டால், பழைய படம் என்றாலே இப்படித்தான் என்று பேரப்பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். அப்படியில்லை என்று அவர்களிடம் சொல்ல இன்னும் நாம் இருக்கிறோம்.