தறி தின்ற காதுக்கு எத்தனை சதவீதம்?

மல்லசமுத்திரம் வட்டாரத்தில் விசைத்தறி ஓடும் பட்டறைக்குள் நுழைந்தால் பக்கத்தில் நிற்பவர் பேச்சு காதில் விழாது. பாவு இழை அறுந்தாலும் தார் தீர்ந்தாலும் சைகைதான். இருபது, முப்பது வருடம் அந்த இரைச்சலில் நிற்பவருக்கு முதலில் மெல்லிய கீச்சொலிகள் போகும். பிறகு பேச்சே மங்கும். "காது மந்தம்" என்று வீட்டில் சத்தமாகப் பேசப் பழகிக்கொள்கிறார்கள்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பழைய சட்டத்தின் 7 வகைகளை 21 ஆக விரித்தது. ஹீமோபிலியா, தலசீமியா, பார்க்கின்சன், தசைச்சிதைவு எல்லாம் உள்ளே வந்தன. பெரிய முன்னேற்றம்தான். ஆனால் காதுக்கு அது வைத்த அளவு, இரண்டு காதிலும் 60 டெசிபல் இழப்பு. 50 டெசிபல் இழந்த தறிக்காரர் பட்டியலிலேயே இல்லை. இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பைத் தொழில்நோய் என்று தொழிலாளர் காப்பீடான ஈஎஸ்ஐ ஏற்கிறது. ஆனால் பத்துப் பேர்கூட வேலை செய்யாத பட்டறைக்குப் பொதுவாக ஈஎஸ்ஐ கட்டாயமில்லை.

சிறுநீரகம் செயலிழந்த தறிக்காரர் நிலை இன்னும் கொடுமை. வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ். மீட்டர் கணக்கில் கூலி வாங்குபவருக்கு அந்த நாள்களில் வருமானம் இல்லை. சிகிச்சையை அரசுக் காப்பீட்டுத் திட்டம் பார்த்துக்கொள்ளும். அடுப்பெரிவதை யார் பார்ப்பது? 21 வகைகளில் சிறுநீரகச் செயலிழப்பு இல்லை. அமெரிக்காவின் சமூகப் பாதுகாப்புத் துறை, தொடர் டயாலிசிஸைத் தகுதிப் பட்டியலில் வைத்திருக்கிறது. 'ஓராண்டுக்குக் குறையாமல் வேலை செய்ய முடியாத நிலையா?' என்பதுதான் அங்கே அடிப்படைக் கேள்வி. நாம் கேட்பது குறைபாட்டின் சதவீதம்: 40 உண்டா, இல்லையா?

உடலை அளக்கும் இந்த முறை, உழைப்பவரின் பிழைப்பை அளப்பதில்லை. இதை மாற்றச் சட்டத் திருத்தம்கூட வேண்டாம். புதிய வகைகளை அறிவிக்கையாலேயே சேர்க்க ஒன்றிய அரசுக்குச் சட்டத்தின் அட்டவணை இடம் தருகிறது. தமிழ்நாடு அரசு மாற்றுத்திறனாளிகளில் சில பிரிவினருக்கு மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. யாருக்கு என்று முடிவு செய்வது மாநிலமே. டயாலிசிஸ் நோயாளிகளை அதில் சேர்க்க டெல்லியைக் கேட்க வேண்டியதில்லை. அடுத்த பட்ஜெட்டிலேயே அதைச் செய்யுங்கள்.