மலிவான நகரம் யாருக்கு மலிவு?

நம் பல்கலைக்கழக விடுதிகளில் முதுகலை முடிக்கும் ஒவ்வொரு மாணவருக்கும் இப்போது ஓர் அறிவுரை தவறாமல் கிடைக்கிறது. இலண்டனையும் மியூனிக்கையும் மறந்துவிடு, லைப்சிக் போன்ற மலிவான நகரத்தைத் தேர்ந்தெடு, அறையைப் பகிர்ந்துகொள், வீட்டிலேயே சமை, பழைய மிதிவண்டி ஒன்றை வாங்கு. சிக்கனமாக இருந்தால் ஐரோப்பா எட்டாக்கனியன்று. இவ்வறிவுரையின் தகவல்களில் பெரும்பாலும் பிழையில்லை. சாக்சனி மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலான படிப்புகளுக்குக் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. லைப்சிக்கின் வாடகை மியூனிக்கின் வாடகையைவிட மிகக் குறைவு. எனினும், இத்தனை உண்மைகளையும் அடுக்கி எழுப்பப்படும் முடிவு தவறானது என்பதே என் வாதம்.

ஒரு நகரத்திற்கு இரண்டு விலைகள் உண்டு. ஒன்று, அங்கே வாழ்வதற்கான விலை. மாதந்தோறும் கொஞ்சங்கொஞ்சமாகத் தரவேண்டியது. மற்றொன்று, அங்கே நுழைவதற்கான விலை. ஒரே தவணையில், புறப்படுவதற்கு முன்பே எடுத்துவைக்க வேண்டியது. சிக்கனம் முதல் விலையைக் குறைக்கும். இரண்டாவதை அது தொடக்கூட முடியாது. "மலிவு" என்ற சொல் முதல் விலையை மட்டும் காட்டி இரண்டாவதை மறைத்துவிடுகிறது.

ஜெர்மனி மாணவர் விசாவுக்கு நம்மவர்கள் "பிளாக்டு அக்கவுண்ட்" என்று சொல்லும் முடக்கக் கணக்கு ஒன்றைத் தொடங்கிக் காட்ட வேண்டும். 2020இல் அதில் இடவேண்டிய தொகை 10,236 யூரோ. 2023இல் 11,208 ஆயிற்று. 2024 செப்டம்பர் முதல் 11,904 யூரோ. அங்கே சென்ற பிறகு மாதம் 992 யூரோ வீதம் அது நமக்கே திரும்பி வரும். இத்தொகை நாடு முழுமைக்கும் ஒன்றே என்பதை யாரும் சொல்வதில்லை. மியூனிக் செல்பவரும் லைப்சிக் செல்பவரும் வாயிலில் வைக்க வேண்டிய பணம் ஒன்றுதான். நகரத்தின் மலிவு, நுழைவு விலையில் ஒரு யூரோவைக்கூடக் குறைப்பதில்லை.

ஒரு யூரோவை ஏறத்தாழ 100 ரூபாய் என்று கொண்டால் இது 12 இலட்சத்தை ஒட்டிய தொகை. 2023 ஜனவரி முதல் இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். அதைப் பெறும் ஆய்வாளர் ஒருவர் உண்ணாமல், உடுத்தாமல், வீட்டுக்கு ஒரு ரூபாயும் அனுப்பாமல் 32 மாதங்கள் சேமித்தால் இத்தொகை கைக்கு வரும். தேசியத் தகுதித் தேர்வு வழியாக வராத முனைவர்பட்ட மாணவருக்கு மத்தியப் பல்கலைக்கழகங்களில் தரப்படும் 8,000 ரூபாயை அப்படியே எடுத்துவைத்தால் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாகும். இவர்களிடம் போய் வீட்டில் சமைத்துச் சாப்பிடச் சொல்வது என்ன வகையான அறிவுரை?

முடக்கக் கணக்கோடு செலவு முடிவதுமில்லை. 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்களுக்குக் கட்டாயமாக்கப்பட்டுள்ள கல்விச் சான்று சரிபார்ப்புக்கு 18,000 ரூபாய். விசாக் கட்டணம் 75 யூரோ. அதன்மேல் விமானச் சீட்டு. வீடு கிடைத்தால் மூன்று மாத அடிப்படை வாடகை வரை முன்பணம் கேட்க உரிமையாளருக்குச் சட்டம் இடம் தருகிறது. அதை மூன்று தவணைகளாகச் செலுத்தும் உரிமையும் அதே சட்டத்தில் உண்டு. ஆனால் மொழி தெரியாத புதியவர் அவ்வுரிமையை வாய்விட்டுக் கேட்பது அரிது. மாணவர்களுக்கான சலுகைக் கட்டண மருத்துவக் காப்பீடு பொதுவாக 30 வயது வரைதான். இடையில் வேலை பார்த்து, தம்பி தங்கையரைப் படிக்கவைத்து, காலந்தாழ்ந்து ஆய்வுக்கு வருகிற முதல் தலைமுறை மாணவர் அவ்வெல்லையைக் கடந்தே வருகிறார். வயதுக்கும் ஒரு விலை வைக்கப்பட்டிருக்கிறது. அதைச் செலுத்துபவர் பெரும்பாலும் ஏழை.

முடக்கக் கணக்குக்கு மாற்றுவழிகள் உள்ளனவே என்பார்கள். அவற்றையும் பார்ப்போம். ஜெர்மனியில் வாழும் ஒருவர் உங்கள் செலவுக்குத் தாமே பொறுப்பு என்று அரசு அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம். அப்படிப்பட்ட உறவினர் யாருக்கு இருக்கிறார்? முந்தைய தலைமுறையிலேயே கடல் கடந்த குடும்பத்துக்கு. வங்கிக் கடன் வாங்கலாம். நம் வங்கிகளின் பொதுவான கல்விக் கடன் திட்டத்தில் 7.5 இலட்சம் ரூபாய் வரை பிணையம் வேண்டாம். அதற்குமேல் பெரும்பாலும் வீட்டுப் பத்திரமோ நிலப் பத்திரமோ வேண்டும். பத்திரம் யாரிடம் இருக்கிறது என்ற கேள்விக்கு இந்நாட்டில் சாதியைப் பேசாமல் விடை சொல்ல முடியாது. மாற்றுவழி என்று காட்டப்படும் இரண்டு கதவுகளும், நிலமும் உறவும் உள்ளவருக்கே திறக்கின்றன.

அந்நகரம் ஏன் மலிவானது என்பதையும் நம் அறிவுரையாளர்கள் கேட்பதில்லை. 1989இல் லைப்சிக்கின் மக்கள்தொகை ஏறத்தாழ 5,30,000. கிழக்கு ஜெர்மனியின் ஆட்சியை அசைத்த திங்கட்கிழமைப் பேரணிகள் அந்நகரத்தில்தான் நடந்தன. இணைப்புக்குப் பின் ஆலைகள் அடுத்தடுத்து மூடப்பட்டன. ஐரோப்பியப் பெருநிலத்தின் மிகப்பெரிய நூற்பாலையாக ஒருகாலத்தில் விளங்கிய பருத்தி ஆலையிலும் 1990களின் தொடக்கத்தில் நூற்பு நின்றது; இன்று அங்கே ஓவியக்கூடங்கள் இருக்கின்றன. வேலையிழந்தோர் மேற்கே சென்றனர். 1998இல் மக்கள்தொகை 4,40,000க்கும் கீழே இறங்கியது. பல்லாயிரம் வீடுகள் காலியாகக் கிடந்தன. லைப்சிக்கின் புகழ்பெற்ற குறைந்த வாடகை, ஊரைவிட்டுப் போன அந்தத் தொழிலாளர்கள் விட்டுச்சென்றது. பின்னர் வாகன ஆலைகள் வந்தன, கலைஞர்கள் வந்தனர், முதலீட்டாளர்களும் வந்தனர்; மக்கள்தொகை இன்று ஆறு இலட்சத்தைத் தாண்டிவிட்டது; வாடகையும் ஏறுகிறது. ஒரு நகரம் மலிவானது என்ற செய்தி நம் காதுக்கு வந்துசேரும்போது அதன் மலிவு கரையத் தொடங்கியிருக்கும். அது நிலையான இயல்பு என்று நம்பி ஈராண்டுக் கணக்குப் போடுபவர் இரண்டாம் ஆண்டில் திகைப்பார்.

சிக்கனத்தைப் போதிப்பவர்கள் அடிக்கடி எடுத்தாளும் சான்று அண்ணல் அம்பேத்கர். அரைவயிறு உண்டு இலண்டனில் படித்தார், நம்மால் முடியாதா என்கிறார்கள். அவ்வரலாற்றை முழுமையாகப் படிக்க வேண்டும். 1913இல் அவரைக் கொலம்பியாவுக்கு அனுப்பியது பரோடா அரசின் உதவித்தொகை. மாதம் பதினொன்றரை பவுண்டு, மூன்று ஆண்டுகளுக்கு. பின்னர் இலண்டனில் படித்துக்கொண்டிருந்தவர், உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917இல் படிப்பைப் பாதியில் நிறுத்தித் திரும்ப நேர்ந்தது. மீண்டும் கப்பலேற 1920 வரை காத்திருந்தார். பேராசிரியர் வேலையில் சேர்த்த பணம், கோலாப்பூர் சாகு மகாராஜாவின் உதவி, பார்சி நண்பர் ஒருவர் தந்த கடன் ஆகிய மூன்றும் சேர்ந்த பிறகே அது கூடிற்று. அவரைவிடச் சிக்கனமாக வாழ்ந்த மாணவரைக் காண்பது கடினம். அச்சிக்கனம் அந்த மூன்று ஆண்டுகளை மீட்டுத் தரவில்லை. அவருடைய பசியை நமக்குப் பாடமாக வைப்பவர்கள், உதவித்தொகை நின்றதும் படிப்பும் நின்றது என்ற பாடத்தை ஏன் விட்டுவிடுகிறார்கள்?

இங்கே நியாயமான மறுப்புகள் இரண்டு உண்டு. முதலாவது: வருகிற மாணவர் பட்டினி கிடக்காமல் பார்ப்பது அந்நாட்டின் கடமையல்லவா, பணம் மாணவருக்கே திரும்பி வருகிறதல்லவா? ஆம். முடக்கக் கணக்கு என்ற ஏற்பாட்டையே நான் கண்டிக்கவில்லை. முதலாண்டின் செலவுக்கு உறுதி கேட்பது நியாயம். அவ்வுறுதியை ஒரு கல்வி நிறுவனமோ அரசோ தரக்கூடிய நிலையில், அதைக் குடும்பச் சொத்திடம் விட்டுவிடுவதே அநியாயம். இரண்டாவது: ஜெர்மனியில் முனைவர்பட்ட ஆய்வு பல இடங்களில் ஊதியமுள்ள வேலையாயிற்றே? மெய்தான். போதிய ஊதியத்துடன் ஒப்பந்தம் பெற்றவருக்கு முடக்கக் கணக்கு தேவைப்படுவதில்லை. நிறுவனம் பொறுப்பேற்றால் சிக்கன உபதேசத்துக்கு வேலையில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா? ஆனால் அவ்வேலைக்குப் பெரும்பாலும் முதுகலைப் பட்டம் வேண்டும். அங்கேயே முதுகலை முடித்து, பேராசிரியர்களிடம் அறிமுகமானவருக்கு வாய்ப்பு கூடுதல். 2023-24 குளிர்காலப் பருவத்தில் ஜெர்மனியில் படித்த இந்திய மாணவர்கள் ஏறத்தாழ 49,000 பேர். அயல்நாட்டு மாணவர்களில் நாமே முதலிடம். அந்த எண்ணிக்கையைக் கொண்டாடுவோர், அதற்குள் நிலமற்ற வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டதுண்டா?

எனவே கேள்வி நம் அரசுகளிடம் திரும்புகிறது. பட்டியல் சாதியினர் உள்ளிட்டோருக்கான மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகைக்கு ஆண்டுக்கு 125 இடங்கள். இத்தனை பெரிய நாட்டுக்கு 125. அதுவும் உலகத் தரவரிசையில் முதல் 500க்குள் வரும் நிறுவனங்களுக்கே முன்னுரிமை. செலவு குறைந்த ஊர் என்பதற்கு அங்கே மதிப்பில்லை. 2022இல் இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் குறித்த ஆய்வுத் தலைப்புகள் அத்திட்டத்திலிருந்து விலக்கப்பட்டன. சாதியைப் பற்றி அயல்நாட்டில் ஆராய விரும்பும் தலித் மாணவருக்கு, சாதியின் பெயரால் அமைந்த உதவித்தொகை கிடைக்காது. மாநிலத் திட்டங்களில் தொகை பெரிதாக இருந்தாலும் காலம் பொருந்துவதில்லை. தெலங்கானாவின் அம்பேத்கர் வெளிநாட்டுக் கல்வி நிதி 20 இலட்சம் ரூபாய் தருகிறது. ஆனால் அயல்நாட்டில் இறங்கியதற்கான சான்றைக் காட்டிய பிறகே முதல் தவணை என்பது அதன் விதி. இறங்குவதற்குத் தேவையான பணம் இறங்கிய பின் கிடைக்கும் என்றால், இடைவெளியை நிரப்புபவர் வட்டிக்காரர்.

நாம் கேட்க வேண்டியவை மிகையானவையல்ல. சேர்க்கைக் கடிதம் கையில் உள்ள உதவித்தொகையாளருக்கு, விசா நேர்காணலுக்கு முன்பே நுழைவுத் தொகையை அரசு நேரடியாக முடக்கக் கணக்கில் செலுத்தட்டும். மாதந்தோறும் விடுவிக்கப்படும் கணக்கு என்பதால் பணம் ஒரேயடியாகக் கைமாறிவிடும் என்ற அச்சத்துக்கும் இடமில்லை. தலைப்புத் தடை நீங்கட்டும். 125 என்ற எண் உயரட்டும். நம் பல்கலைக்கழகங்கள் ஐரோப்பிய நிறுவனங்களோடு ஒப்பந்தம் செய்யும்போது, நிழற்படத்துக்கு நிற்பதோடு நில்லாமல், தேர்ந்தெடுக்கப்படும் மாணவரின் முதலாண்டுச் செலவுக்கு யார் பொறுப்பு என்பதையும் எழுத்தில் கேட்டுப் பெறட்டும்.

முன்னே சென்ற நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் மாதச் செலவுப் பட்டியலை இனியும் பகிருங்கள்; அது பலருக்குப் பயன்படுகிறது. ஆனால் அதன் முதல் வரியில், அந்தப் பன்னிரண்டு இலட்சம் எங்கிருந்து வந்தது என்பதையும் எழுதுங்கள். அப்பாவின் ஓய்வூதியப் பணமா, தாத்தாவின் நிலமா, அத்தையின் நகையா, வங்கிக் கடனா? அந்த ஒரு வரி இருந்தால்தான், படிப்பவர் உங்கள் கணக்கில் தமக்கு இடம் உண்டா என்று அறிய முடியும்.